வீட்டு லாரியும் ஒரு கிண்ணம் மொகிங்காவும்

என் அப்பா ஓட்டிய லாரிக்கு முதுகில் ஒரு வீடு இருந்தது. அவருடைய துரை காடு காடாகச் சுற்றி நிலம் அளக்கிறவர். அவருக்காகத் தேக்குப் பலகையில் அறை கட்டி, கட்டில், அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை என்று எல்லாம் வைத்திருந்தார்கள். துரை சீமைக்கு லீவில் போன சமயம், மோல்மேனில் நின்றிருந்த அந்த லாரியில் அம்மாவைக் கடற்கரைக்குக் கொண்டுபோக அப்பா அனுமதி வாங்கினார். ரங்கூனிலிருந்து மோல்மேன் வரை கப்பலில் போனோம். கடற்காற்று பட்டால் சாப்பாடு இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்குத் தொண்டையில் நோய். குரல் போய் ஒரு மாதமாகியிருந்தது. அவள் உதட்டருகே காதை வைத்து, கேட்டதை மற்றவர்களுக்கு உரக்கச் சொல்வது என் வேலை. ஏழு வயதில் எனக்கு அதில் ஏகப்பட்ட தலைக்கனம். இரண்டு நாளாக அவள் கஞ்சியைக்கூடத் தொடவில்லை.

கஞ்சி வைத்தது அத்தை. அப்பாவின் அக்கா. அம்மாவைக் கவனிக்க ஊரிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு மாதமாகியும் ஒரு பர்மியச் சொல்லையும் காதில் போட்டுக்கொள்ளாதவள். ஆனால் அம்மாவைப் பெற்ற மகளைப் போலப் பார்த்துக்கொண்டாள், அதையும் சொல்ல வேண்டும். அவள் வருவதற்கு முன், ரங்கூன் பசுந்தாங்கில் எங்கள் தெருவுக்கு வரும் பர்மாக்காரியிடம் நானும் அம்மாவும் மொகிங்கா வாங்கித் தின்போம். அரிசிச் சேவையில் மீன் குழம்பு ஊற்றித் தருவாள். பர்மாக்காரர் கைச் சாப்பாடு அத்தைக்கு ஆகாது. அவள் வந்த அன்று அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "மொகிங்கா சமாச்சாரம் அத்தை காதுல விழக்கூடாது" என்றாள்.

காலையில் லாரி கிளம்பியது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். ஏற்றத்தில் பாத்திரமெல்லாம் பின்சுவருக்கு ஓடும், இறக்கத்தில் எங்கள் மேல் வரும். அத்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். அம்மா திரையை விலக்கிக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு செங்குத்து ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. அப்பா வாளியோடு ஓடைக்கு இறங்கினார். பாதையோரக் குடிசையிலிருந்து ஒரு பர்மியப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். அம்மாவின் எலும்பான கையைப் பார்த்தவள், ஒன்றும் கேட்காமல் திரும்பிப்போய், ஆவி பறக்க ஒரு கிண்ணம் மொகிங்கா கொண்டுவந்தாள். அந்த வாசனைக்கு அம்மா தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"சா, சா" என்றாள் அந்தப் பெண், கனிவாக. பர்மிய மொழியில் சாப்பிடு என்பதற்கு அதுதான் சொல்.

அத்தைக்குத் தெரிந்த சா ஒன்றே ஒன்று. தட்டிவிட்ட கிண்ணம் பாதையில் போய் விழுந்தது. "படுத்துக் கெடக்கிறவளப் பாத்துச் சொல்ற வார்த்தையாடி இது? போயிடு" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அந்தப் பெண் சொன்ன சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியும். ஆனால் சொன்னால், எங்கே கற்றாய் என்று அத்தை துருவுவாள், மொகிங்கா வெளியே வந்துவிடும். அதனால் நான் காதைக் கொடுக்கவில்லை. விரலை என் உதட்டில் வைத்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அப்பா தண்ணீரோடு வந்தபோது, அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல அத்தைக்கு வாய் கூசியது. "கண்ட நாத்தத்தையும் கொண்டாந்து நீட்டினா, தட்டிவிட்டேன்" என்று முடித்துக்கொண்டாள். அப்பா குனிந்து, "எதாச்சும் சாப்பிடறியா?" என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அதன்பிறகு அவள் எதற்கும் கை நீட்டவில்லை. பத்து நாள் கழித்து ரங்கூனுக்கு நாங்கள் மூன்று பேர் திரும்பினோம்.

அன்று மீதி வழி முழுக்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லலையேம்மா" என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் என் கையை அழுத்தினாள். என்னை மெச்சுகிறாள் என்றே நினைத்தேன்.