ஓட்டு கேட்டவர்களும் ஓடு எண்ணியவனும்

பில் கலெக்டரைப் பார்த்துக் குரைக்காத நாய் என்று ஒன்று இருந்தால், அது வாடகை வீட்டு நாயாகத்தான் இருக்கும். நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கிப் பிழைக்கும் சக பாவிகளே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா என்ன? வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை சமையலறை வரைக்கும் வந்துவிடும் ஒரு முனிசிபாலிட்டியில் நான் வீட்டு வரி பில் கலெக்டர். மூன்று வருஷமாக ‘ஆக்டிங்’.

குடியாத்தத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, மறைப்பானேன். பெண்ணின் அப்பா லுங்கி நெய்கிறவர், முகத்துக்கு நேரே பேசுகிறவர். “ஆக்டிங் மாப்பிள்ளை வாணாம். பர்மனென்ட் ஆயிட்டு வாங்க” என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். பர்மனென்ட் செய்கிற அதிகாரம் வரிக் கமிட்டித் தலைவருக்கு. அந்த நாற்காலிக்கு அந்த வருஷம்தான் தேர்தல். நின்றவர்கள் இரண்டு பேர்: தோல் ஷாப் முதலாளி கபூர் சாயபு, லுங்கி வியாபாரி வரதப்ப முதலியார். யார் ஜெயித்தாலும் என் தாலி முடிச்சு அவர் கையில். அதனால் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் போய், “நான் உங்க பக்கம்தான்” என்று சொல்லி வைத்தேன். என் இடத்தில் நீங்கள் இருந்தால் வேறென்ன செய்வீர்களாம்?

உன் ஓட்டை எனக்கு

வீட்டு வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. கூரை வீட்டுக்கு வரி கிடையாது, ஆகவே ஓட்டும் கிடையாது. ஓடு போட்ட வீட்டுக்கு இரண்டும் உண்டு. வாக்காளர் ஜாபிதாவைச் சரிபார்க்க நான் தெருத்தெருவாகப் போக, முதலியார் கும்பிட்டுக்கொண்டே என் பின்னால் வந்தார்.

முனியம்மா என்று ஒரு விதவை. தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்து, மிச்சம் பிடித்து, அந்த வருஷம்தான் கூரையைப் பிரித்து ஓடு போட்டிருந்தாள். முதலியார் கைகூப்பி, “அம்மா, உன் ஓட்டை எனக்குத்தான் குடுக்கணும்” என்றார். அவள் அண்ணாந்து மேலே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் கையில் அளவு நாடா. கழற்றி எடுத்துப் போகவே வந்திருக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டாள்.

“ஓட்ட உனுக்குக் குடுத்துட்டு மழைக்கு நான் எங்க ஒண்டறது? எதிர் வூட்லயும் ஓடுதான், அங்க போய்க் கேளு!”

மாடியில் காய்ந்த தோல்

ஒரு நாள் முதலியார் ஆள் வந்து, “சாயபு வீட்டை ஒழுங்காக அள” என்றான். அவன் தலை மறைவதற்குள் சாயபு ஆள் வந்து, “முதலியார் வீட்டை ஒழுங்காக அள” என்றான். ஹெட் கிளார்க் இரண்டு வீட்டையும் அளக்கச் சொல்லிவிட்டார். நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலியார் வீட்டில் அறைக்கு ஒரு பெருமாள் படம். வழிபாட்டு இடத்துக்கு வரி இல்லையாம். மாவு அரைக்கும் இடத்திலும் பெருமாள்தான் நின்றார். சாயபு வீட்டு மேல்மாடியோ எங்கள் கணக்கில் வரியில்லாத ‘தோல் காயப்போடும் கொட்டகை’. ஏறிப் பார்த்தேன். கட்டில், மெத்தை, இரண்டு திண்டு, பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி. தோல் மட்டும் இல்லை. “தோல் எங்கே சாயபு?” என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் சாவகாசமாகச் சாய்ந்தார்.

“அரே, நானும் தோலுதானே தோஸ்த்? மத்தியானத்துல கொஞ்ச நேரம் காயறேன்.”

எனக்கும் வரி போடு

வரி கேட்டு அழுதவனை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டிருக்கிறேன். ஓட்டுக்கு வேட்டி, ஓட்டுக்குப் பிரியாணி என்று ஊரில் பேச்சுக் கிளம்பியதும், வரி இல்லாத ஜனமெல்லாம் ஆபீஸுக்குப் படை எடுத்துவிட்டது. அதில் சின்னசாமி என்று ஒருவன். முந்தின மாதம்தான் தன் ஓட்டு வீட்டை மாட்டுக் கொட்டகை என்று எழுதிக் கொடுத்து, என் காலைப் பிடித்து வரியிலிருந்து தப்பித்தவன். இப்போது மறுபடி காலைப் பிடித்தான், வரி போடச் சொல்லி! பழைய மனுவை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“அது வாஸ்தவம்தான் சார். மாடு செத்துப்போச்சு, இப்ப நான்தான் அதுல கீறேன்.”

பள்ளிகொண்டா சத்தியம்

முதலியாருக்கு ஜனங்கள் மேல் நம்பிக்கை கம்மி. அறுபது ஓட்டுக்காரர்களை வண்டி கட்டிப் பள்ளிகொண்டாவுக்கு அழைத்துப் போய், ரங்கநாதர் சன்னிதியில் சத்தியம் வாங்கினார். புளியோதரையும் தாராளம். திரும்பி வந்தவர்களில் ஒருவனை மடக்கி, “அப்போ எல்லா ஓட்டும் முதலியாருக்குத்தானா?” என்று கேட்டேன். என் கவலை எனக்கு. அவன் விரலை நக்கிக்கொண்டே யோசித்தான்.

“சாமி படுத்துக்கினு கீறாரு சார். ஒரு காது தலகாணில. பாதி சத்தியந்தான் வுழுந்திருக்கும், அதனால பாதிப் பேருதான் போடுவோம்.”

சீட்டு எடுத்த கை

அவன் சொன்னது அப்படியே பலித்தது. எண்ணி முடித்தால் இருவருக்கும் சரிசமமான ஓட்டு! மறுபடி எண்ணினார்கள், அதே கதை. தேர்தல் நடத்திய தாசில்தார் இருவர் பெயரையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, சுருட்டி, ஒரு சொம்பில் போட்டார். “ரெண்டு பேருக்கும் நம்பிக்கையான ஆள் யாராவது எடுக்கட்டும்” என்றார். சாயபுவும் முதலியாரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். இரண்டு கையும் என்னைத்தான் காட்டின.

ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. குடியாத்தத்தை நினைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிச் சொம்புக்குள் கையை விட்டேன். வந்தது சாயபு சீட்டு. முதலியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு, “அடப்பாவி, என் பக்கம்னு சொன்னியேடா!” என்று கத்தினார். அவ்வளவுதான், மாலையைக் கழுத்தில் வாங்கப் போன சாயபு அப்படியே திரும்பினார்.

“இன்னா? அவர்கிட்டயும் சொன்னியா?”

குடியாத்தம் தீர்ப்பு

எட்டு நாள் கழித்துச் சாயபு கூப்பிட்டு அனுப்பினார். கோபமெல்லாம் ஆறியிருந்தது. தேநீர் கூடக் கொடுத்தார். “உன் கைதான் எனக்கு ஜெயம் குடுத்துச்சு. அதான் பேஜாரே. இப்ப உன்னை பர்மனென்ட் பண்ணா, சீட்டுல தில்லுமுல்லுன்னு முதலியார் கோர்ட்டுக்குப் போவாரு. அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் ஆக்டிங்காவே இரு” என்றார். தோற்றவர் ஜெயித்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போனேன். ஒளிக்காமல், இரண்டு பேரிடமும் புளுகியதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, “வேறு வரன் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று எழுந்தேன். கதவுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டபின் எனக்குக் கால் நகரவில்லை. அவள் அப்பா தறியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உக்காருங்க மாப்பிள்ள. ரெண்டு மொதலாளிகிட்டயும் திட்டு வாங்கிக்கினு வேலைய வுடாம நிக்கறீங்களே, என் பொண்ணுகிட்ட நீங்க தாக்குப் பிடிப்பீங்க.”

ஆக, தேர்தலில் நின்றவர்களில் ஒருவர் நாற்காலியிலும் ஒருவர் வீட்டிலுமாக உட்கார்ந்துவிட்டார்கள். நிற்காத நான்தான், கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளையும் பிறந்த பிறகும், ஊரார் வாசலில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.