வரைபடத்தில் கலைச்செல்வி அழித்த காடு

இரண்டு மாதம் முன்பு, அரியலூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்த தம்பி மனைவி கலைச்செல்வி, "வாங்கண்ணி, உக்காருங்க. கம்போடியாவுல கொஞ்சம் பாக்கி இருக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கம்போடியாவிலா?

நான் நாத்தனார். தண்ணீர் வருவதற்குள் பத்துக் குறை கண்டுபிடிக்கும் உரிமை எனக்கு உண்டு. அன்று தண்ணீரே வரவில்லை... எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். லேப்டாப்பில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். திரை முழுக்கப் பச்சை.

விஷயம் இதுதான். ஆசியாவில் எந்த நாட்டில் எவ்வளவு காடு மிச்சம் இருக்கிறது என்று வெளிநாட்டில் யாரோ வரைபடம் தயாரிக்கிறார்கள். சாட்டிலைட் படங்களைத் துண்டு துண்டாக அனுப்புவார்கள். காடு எங்கே, வயல் எங்கே, தோப்பு எங்கே என்று மவுஸால் வளைத்துக் கோடு போட்டுப் பெயர் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, மிச்ச ஆசியாவை கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளுமாம். அந்தக் கோடு போடுகிற வேலை பெங்களூர் ஆபீஸ் ஒன்றின் வழியாக அரியலூர் வரை வந்திருக்கிறது. திங்கள் லாவோஸ், செவ்வாய் மியான்மர், புதன் கம்போடியா. திருச்சியைக்கூடத் தாண்டாத பெண் எங்கள் கலா!

"பச்சையைப் பாத்துப் பச்சைன்னு சொல்றதுக்கு ஒரு வேலையா?" என்று கேட்டேன். என் நாக்கில் சனி.

கலா திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "அதாண்ணி பிரச்சினையே. பச்சையா இருந்தா காடுன்னு போடச் சொல்றாங்க. எனக்குக் கை வரமாட்டேங்குது."

அவள் 'தோப்பு' என்று பெயர் போட்டு அனுப்பிய படங்களை எல்லாம் பெங்களூரில் உட்கார்ந்து சரிபார்க்கிற செக்கர் 'காடு' என்று திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார். கூட வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் அதே இடத்தைக் காடு என்றுதான் போட்டிருக்கிறார்களாம். கலாவுக்கு இரண்டு வார்னிங் வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். பி.காம். முடித்து, கல்யாணமாகி, ஏழு வருடம் கழித்துக் கிடைத்த முதல் வேலை. பெயர் போட்ட அடையாள அட்டையை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கழுத்தில் மாட்டியிருக்கிறாள்.

"அவங்க காடுன்னா நீயும் காடுன்னு போட்டுட்டுப் போயேன். கம்போடியாக்காரன் வந்து உன்னையக் கேக்கப் போறானா?"

இதைச் சொன்னது நான்தான். வாராவாரம் இந்தப் பத்தியில் நேர்மை பற்றி உங்களுக்கு வகுப்பெடுக்கிற அதே நான்.

கலா மவுஸை உருட்டினாள். படத்தைப் பெரிதாக்கினாள். "இதைப் பாருங்க. எல்லா மரமும் குடை விரிச்ச மாதிரி ஒரே அளவுல இருக்கா? காட்டுல கெழ மரமும் இருக்கும், கன்னும் இருக்கும். இங்க எல்லாம் ஒரே வயசு. அதை வுடுங்க, மரத்துக்கு நடுவுல பாருங்க... தரை எப்படி வெள்ளையாத் தெரியுது?"

தெரிந்தது. அதனால் என்ன?

"முந்திரிண்ணி! காய்ப்புக்கு முன்னாடி மரத்தடியை சுத்தமாக் கூட்டி வெச்சிருவோம். இல்லைன்னா விழுவுற கொட்டையெல்லாம் சருகுக்குள்ள போயிடும், பொறுக்க முடியாது. எங்க வூட்டுத் தோப்பும் இப்படித்தான் இருக்கும்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "காட்டை யாருண்ணி கூட்டுவாங்க?"

கலா ஆண்டிமடம் பக்கம். முந்திரிக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுக் கொட்டை பொறுக்கியவள்.

வரும் வழியில் ரயில் ஜன்னலில் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களைப் பார்த்து உச்சுக்கொட்டியிருந்தேன். பள்ளம் யார் கண்ணுக்கும் தெரியும். காட்டை வெட்டிவிட்டு அதே இடத்தில் ரப்பரோ பனை எண்ணெய் மரமோ முந்திரியோ வைத்துவிட்டால்? மேலேயிருந்து பார்க்கிறவருக்குப் பச்சை அப்படியே இருக்கும். யானை போயிருக்கும், பறவை போயிருக்கும், நூறு வகை மரம் போயிருக்கும்... வரைபடம் மட்டும் செழிப்பாக இருக்கும். இந்த வித்தையைச் செய்யாத நாடு ஆசியாவில் எது?

"எங்க தோப்பு மட்டும் என்னவாம்? அதுவும் ஒரு காலத்துல பொதர்க்காடா இருந்து, அழிச்சிட்டு வெச்சதுதான். அதாண்ணி தப்பாப் போட மனசு வரலை" என்றாள் கலா.

சரி, மெயில் எழுதுவோம் என்று உட்கார்ந்தோம். எழுத்தாளர் ஆயிற்றே, நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கலா படித்துப் பார்த்துவிட்டு மரியாதையாக எல்லாவற்றையும் அழித்தாள். இரண்டு படங்களை இணைத்தாள். ஒன்று கம்போடியா. இன்னொன்று, போனில் சாட்டிலைட் மேப்பைத் திறந்து எடுத்த அவள் அம்மா வீட்டுத் தோப்பு. கீழே ஒரே வரி: 'சார், இதில் எது கம்போடியா?' செக்கருக்கும் அவருக்கு மேலே இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

வேலை போனால் தம்பி என்னைத்தான் திட்டுவான்.

நாலு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் கலா போன் செய்தாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை. செக்கர் எல்லோருக்கும் பதில் போட்டிருக்கிறார்... ஆண்டிமடத்தைக் காட்டி, இதுதான் கம்போடியா என்று!

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. வரைபடக்காரர்களே கலாவை வீடியோ காலில் கூப்பிட்டுப் பேசினார்கள். இரண்டு வார்னிங்கும் ரத்து. அந்தப் பகுதிப் படங்கள் முழுவதையும் எல்லோரும் திரும்பப் போட வேண்டியதாயிற்று. வரைபடத்தில் கம்போடியாவின் அந்த மூலையில் பச்சை நன்றாகவே குறைந்தது. கோடு போடுகிற எல்லோருக்குமான வழிகாட்டிப் புத்தகத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார்கள். அதில் உதாரணப் படம் எது தெரியுமா? கலா அம்மா வீட்டுத் தோப்பு! வியட்நாமில் கோடு போடுகிறவரும் பிலிப்பைன்ஸில் கோடு போடுகிறவரும் இனி எங்கள் ஆண்டிமடத்தைப் பார்த்துத்தான் பாடம் படிக்க வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கலாவோடு ஆண்டிமடம் போனேன். கலாவின் அம்மா தோப்பில் இருந்தார். கலா போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். தோப்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு, அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

"என்னடி எழுதியிருக்கான்?"

"இது காடு இல்லைன்னு எழுதியிருக்கும்மா."

அந்த அம்மா நிமிர்ந்தார். "பின்னே? நாப்பது வருசமா குனிஞ்சு கூட்டிக்கிட்டிருக்கேன். காடுன்னு மட்டும் எழுதியிருந்தான்னா, வெளக்கமாத்தோட பெங்களூருக்கே பஸ் ஏறியிருப்பேன்!"