அண்ணன் கொண்டுவந்த செக்கோ

அண்ணன் வெளிநாட்டிலிருந்து திரும்பிய அன்று மத்தியானம், தட்டில் வைத்த கம்மஞ்சோற்றில் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “செக்கோ” என்றார். குழம்பு ஊற்ற மறந்திருந்த அண்ணி, ஏதோ ஊர் பேர் தெரியாத பாஷையில் தன்னைத் திட்டுகிறார் என்று நினைத்து முறைத்தாள். அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. சளியில்லாத, சருகை மிதித்தது போன்ற இருமல். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதிலேயே எல்லோருக்கும் கண் இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மல்லசமுத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டியோடு ஒருவராவது போகாத வீடு குறைவு. அண்ணன் டிரில்லர்; பாறையைத் துளைக்கும் எந்திரம் அவர் கைப்பிடியில் இருக்கும். எங்கள் பக்கத்து ரிக் ஒன்று ஸ்பானிஷ் பேசும் நாட்டுக்குப் போனபோது அவரும் கூடப் போனார். போன இடத்தில் அவர் கற்றுக்கொண்டு வந்தது அந்த ஒரு சொல்தான். நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் என்பதால் என்னிடம் அதைப் பெருமையாகக் காட்டினார். “ஆறு காஞ்சாலும் செக்கோ, ஆளு எளச்சாலும் செக்கோ, வண்டி சடக்குனு நின்னாலும் செக்கோதானாமா அம்மிணி. வெடுக்குனு பேசறவனையும் அப்படித்தான் சொல்றாங்க. ஒத்த வார்த்தைய வெச்சுக்கிட்டு ஊரே பொழப்பு நடத்துது!”

அதற்கு ஈடான ஆங்கிலத்து ‘ட்ரை’யும் லேசுப்பட்டதல்ல. வெண்ணெய் தடவாத ரொட்டிக்கும், இனிக்காத மதுவுக்கும், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் அடிக்கும் நக்கலுக்கும், தூக்கம் வரவழைக்கும் பாடத்துக்கும் அது ஒன்றே போதும். மதுக்கடை மூடிய நாளை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டால், கடைசி பெஞ்சு முந்திக்கொண்டு பதில் சொல்லும். தமிழ் அப்படியல்ல, ஆளுக்கொரு சொல்லைப் பங்கு வைத்துக் கொடுத்திருக்கிறது. துணி உலரும், மிளகாய் காயும், கிணறு வற்றும், நாக்கு வறளும். ஆனால் எங்கள் ஊர் ரிக்காரர்களுக்கு ‘ட்ரை’ என்றால் ஒன்றுதான்: துளைத்துப் பார்த்தும் தண்ணீர் இல்லாத குழி. சாவுச் செய்தி சொல்கிற குரலில்தான் அதைச் சொல்வார்கள். எந்திரம் ஓடும்போது அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கவே மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய விலக்கு ஒன்று உண்டு. போர் ஓடும்போது பாறை மாவாகி, வெள்ளைப் புழுதியாகத் தென்னை உயரத்துக்கு எழும்பும். தண்ணீர் பட்டால்தான் அது அடங்கும். புழுதி அடங்குகிறவரை தோட்டத்துச் சொந்தக்காரர் கும்பிட்டபடி நிற்பார். அந்த நேரத்தில் டிரில்லர் மூக்கில் துணி கட்டினால் போச்சு. “ஏனுங்க, தண்ணி வராதுன்னு இப்பவே முடிவு பண்ணிட்டீங்களா?” என்று கேட்டுவிடுவார்கள். புழுதிக்குத் தயாராவது புழுதியை அழைப்பது மாதிரியாம். அதனால் அண்ணன் எல்லார் தோட்டத்திலும் வெறும் முகத்தோடே நின்றார். அந்த நாட்டு மேஸ்திரி முகமூடி கொடுத்தபோதும், “நாம போட்டா வெளங்குமாக்கு?” என்று சட்டைப் பையில் செருகிக்கொண்டாராம். இதைச் சொல்லும்போதும் சிரித்தார், இருமினார்.

வறட்டு இருமல் என்று முதலில் சிரப் கொடுத்தார்கள். பிறகு காசநோய் என்று மாத்திரை. அண்ணன் அரை ஆளாக இளைத்தார். கண்ணாடியைப் பார்த்து, “இப்ப நானே செக்கோ அம்மிணி” என்றார். எனக்குச் சிரிக்க வரவில்லை. கடைசியில் சேலத்துப் பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சு முழுக்கக் கல்மாவு படிந்து நுரையீரல் இறுகிப்போயிருந்தது. கழுவி எடுக்க வழியில்லை என்றார். அண்ணி அதை நம்பவில்லை. போன நாட்டுக் குளிர்தான் ஆகவில்லை என்றாள், இன்றுவரை அதையேதான் சொல்கிறாள். அடுத்த மழைக்காலத்துக்குள் அண்ணன் போய்விட்டார். கடைசி வாரம் ஒரு மடக்கு தண்ணீர் விழுங்குவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்துவிட்டு, எனக்குத் தண்ணீர்ச் செம்பைத் தொடவே பயமாக இருந்தது.

இப்போது அவர் மகன் அதே வேலையில் இருக்கிறான். படித்த படிப்புக்கு வேலை அமையவில்லை, ரிக் அமைந்தது. முகமூடி இல்லாமல் எந்திரத்தைத் தொடமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். யார் என்ன சொன்னாலும் கேட்பதில்லை. அவனால் இரண்டு தோட்டக்காரர்கள் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டதாகக் கேள்விப்பட்டபோது எனக்கு உள்ளூர சந்தோஷமாகவே இருந்தது.

இந்தக் கோடையில் எங்கள் தோட்டத்துக் கிணறும் வற்றியது. தென்னை ஒவ்வொன்றாகத் தலை சாய, அண்ணி தன் மகன் வேலை பார்க்கும் வண்டியையே வரச்சொன்னாள். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எந்திரத்தை ஓட்டினார்கள். செம்மண் முடிந்து பாறை வந்தது. வெள்ளைப் புழுதி எழும்பியது. அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தான். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். புழுதி அடங்கவில்லை. குழாய்க்கு மேல் குழாய் இறங்கியும் அடங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் அவன் முகத்தையும் அண்ணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் போனாள். அவன் காதோரம் வாயை வைத்துக் கத்தினாள். “அதக் கழட்டிரு சாமி. அப்பன் போனப்புறம் இந்தத் தோட்டங்காட்ட விட்டா நமக்கு என்ன இருக்குது? ஒருக்கா கழட்டு கண்ணு.”

ஊரில் யார் சொன்னாலும் கேட்காதவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வேண்டாம் என்று கையை ஆட்டினேன், கத்தினேன். கம்ப்ரசர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் முகமூடியைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தான். அவள் அதை மடியில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினாள். புழுதி வந்துகொண்டே இருந்தது.