டெல்லிக்கு ஒரு மனு, ஊரிலிருந்து ஒரு பொட்டலம்

தாம்பரத்தில் முதன்முதலாக மருந்துக் கடைக்குப் போனபோது ஒரு வெறும் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து கல்லூரியில் படிக்க வந்த புதிது, கடும் இருமல். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், ஆனால் போத்தல் கொண்டுபோகாதவனுக்கு யார் மருந்து ஊற்றிக் கொடுப்பார்கள்? கடைக்காரர் போத்தலை மேலும் கீழும் பார்த்தார்.

"கெரசினா சார்? அது பக்கத்துக் கடையில கீது."

"இல்லை, மருந்து வாங்க வந்தனான்."

"அதுக்கு இன்னாத்துக்கு சார் பாட்டிலு? துட்டு எடுத்துகினு வந்தா போதும்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். மருந்து என்பது காசு கொடுத்து வாங்கும் சரக்கு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு இந்த ஊர்ப் பெண் எஸ்தரைக் கட்டி, இங்கேயே தங்கி, வேடிக்கையைப் பாருங்கள், அந்தச் சரக்கை விற்கும் வேலையிலேயே சேர்ந்தேன். வெளிநாட்டுக் கம்பெனியின் மெடிக்கல் ரெப். கழுத்தில் டை, கையில் தோல் பை. குரோம்பேட்டை முதல் கூடுவாஞ்சேரி வரை டாக்டர்களைப் பார்த்து, எங்கள் மாத்திரையையே எழுதும்படி பல்லைக் காட்டிக் கேட்க வேண்டும். எங்கள் மகள் நிர்மலாவுக்கு வலிப்பு. அவள் தினமும் விழுங்கியதும் எங்கள் கம்பெனி மாத்திரைதான். ஒரு நாள் தவறினாலும் வகுப்பிலேயே விழுந்துவிடுவாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மருந்து விலையைக் குறைக்கும்படி அரசாங்கம் உத்தரவு போட்டது. எஸ்தர் சந்தோஷப்பட்டாள். கம்பெனியோ அந்த மாத்திரையைத் தயாரிப்பதையே குறைத்துக்கொண்டு, உத்தரவில் அகப்படாத புது மாத்திரை ஒன்றைக் கொண்டுவந்தது. விலை யானை விலை. பழையது எந்தக் கடையிலும் இல்லை. டாக்டர்களுக்கென்று என் பையிலிருந்த சாம்பிள்களும் நிர்மலாவுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கரைந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு மனுவைக் கொடுத்தார்.

"டெல்லியில நம்ம ஆளுங்க எம்.பி.க்களைப் பார்த்துப் பேசிட்டிருக்காங்க. டாக்டர்களும் நம்ம பக்கம்னு காட்டணும். கையெழுத்து வாங்காம யாரும் திரும்பாதீங்க."

விலை குறைந்தால் தரம் கெடும், கம்பெனிப் பெயர் இல்லாத மருந்தை நம்பக் கூடாது, ஆகவே உத்தரவை விலக்க வேண்டும் என்பது மனுவின் சாரம். இலங்கையிலோ அரசாங்கமே மருந்தை மொத்தமாக வாங்கி, கம்பெனிப் பெயர் போடாமல் மலிவாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து என் அண்ணன் கடிதத்தில் எழுதியிருந்தார்.

நிர்மலாவைப் பார்க்கும் டாக்டர் சாமுவேலிடமும் மனுவை நீட்ட வேண்டியிருந்தது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல இருக்கிறதை நீங்க நம்புறீங்களா?"

"இல்லை சார்."

"நானும் நம்பல. ஆனா உங்க வேலை போச்சுன்னா, அந்தக் குழந்தைக்கு எந்த மாத்திரையும் கிடையாது. கொடுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டார். திட்டி அனுப்பியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன், ஏற மனம் வரவில்லை.

மறுநாள் காலை ராமேஸ்வரத்திலிருந்து வந்த வண்டி தாம்பரத்தில் நின்றது. அண்ணன் முன்பே எழுதியிருந்ததால் நான் பிளாட்பாரத்தில் காத்திருந்தேன். எங்கள் ஊர்க் கந்தையா அண்ணை, கப்பலில் வந்து ரயிலேறியவர், ஜன்னல் வழியே ஒரு பொட்டலத்தை நீட்டினார். அண்ணன் கொடுத்துவிட்ட வலிப்பு மாத்திரை. கம்பெனிப் பெயர் கிடையாது.

"பிள்ளைக்கு இது எத்தனை நாளைக்குக் காணும், தம்பி? ஊருக்கே வந்து இருங்கோவன்."

அங்கே எனக்கு என்ன வேலை, எஸ்தருக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி எழும்பூரை நோக்கி நகர்ந்துவிட்டது. பொட்டலத்தைப் பையில் மனுவின் மேல் வைத்துப் பூட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறினேன். அந்த மாத்திரையை நம்பாதே என்று சொல்லும் தாளை ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பியதும் அதே மாத்திரையில் ஒன்றை என் கையாலேயே மகளுக்குக் கொடுக்க வேண்டும்.