ஒரு பக்கச் சத்தம்

போர்க்காலம். அக்குறணையில் வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று, பழைய பட வீசீடி போட்டதும் ஊமையாக இருந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பத் தெல்தெனியவில் பஸ் ஏறினேன். சோதனைச்சாவடியில் என்னை மட்டும் இறக்கி, ஸ்பீக்கர் பெட்டிகளின் திருகாணி கழற்றிக் குண்டு தேடினார்கள். பஸ்ஸே என்னைப் பார்த்தது.

அண்ணன் முறைக்கு 'நானா' என்று நான் அழைக்கும் கடைக்காரரிடம், ஆட்கள் முன்னால் கத்தினேன். "பழுதான சாமானத் தலையில கட்டிட்டீங்களே, நானா!"

அவர் வீசீடியைப் போட்டு, வயர்களை இடம் மாற்றினார். ஊமை பாடியது, மற்றது அடங்கியது.

"பழுதில்ல தம்பி. இந்தப் படத்துக்குச் சத்தம் ஒரு பக்கந்தான் பதிஞ்சிருக்கு. ஆணியெல்லாம் எங்க?"

"ஆமிக்காரங்க கழட்டிக் குண்டு தேடினாங்க."

"கெடச்சிச்சா?" சிரித்தபடி புது ஆணி பூட்டினார்.

பஸ் என்னைப் பார்த்ததுபோலத்தான், நான் கத்தியபோது கடையும் அவரைப் பார்த்திருந்தது. மன்னிப்புக் கேட்காமலே வந்துவிட்டேன்.