கடிகாரம் சாகவில்லை

எண்பதுகளில் மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நான் கெர்னல் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரான ஆரணியில் இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் நான் ஏதோ கோலப்புத்தகம் எழுதுவதுபோலத் தலையாட்டுவார்கள். கம்ப்யூட்டரை எழுப்பி, அதன் நேரத்தை வேலைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரலுக்குத்தான் கெர்னல் என்று பெயர். வெளிநாட்டுக்காரனிடம் வாங்காமல் முதல் வரியிலிருந்து நாங்களே எழுதினோம். குழுவில் நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் கோபக்காரி. என் அக்கா புருஷன், மாமா, என்னைப் பச்சை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

கெர்னலுக்கு டைமர்தான் உயிர்நாடி. சீரான இடைவெளியில் அது ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டுக்கு இன்டரப்ட் என்று பெயர். தட்டு விழுந்ததும் கெர்னல் கையிலிருக்கும் வேலையை நிறுத்தி, அடுத்தது யார் முறை என்று பார்க்கும். எங்களிடம் இருந்த சின்ன இயந்திரத்தில் டைமர் அட்டையின் கம்பி அடிக்கடி விட்டுப்போகும். அதற்காக, கெர்னல் எழும்போதே ஒரு சோதனை வைத்திருந்தேன். டைமரை ஓடவிட்டு, கெர்னல் சும்மா ஒரு பெரிய எண்வரை எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் நாலைந்து தட்டாவது வரவேண்டும். வராவிட்டால் ‘டைமர் செத்துவிட்டது’ என்று அச்சடித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். எத்தனையோ தடவை எங்களைக் காப்பாற்றிய சோதனை அது. எனக்கு அதில் பெருமைகூட உண்டு.

அந்தச் சின்ன இயந்திரம் ஒரு நாள் புகைந்து மண்டையைப் போட்டது. மாற்று உதிரி வாங்க வழியில்லை. நிலையத்தின் பெரிய இயந்திரத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அது இதே குடும்பத்து இயந்திரந்தான், ஆனால் அதில் ஒரு மாயவேலை இருந்தது. அதன் மேற்பார்வை நிரல், உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் முழு இயந்திரமே தன்னுடையது என்று காட்டும். உண்மையில் ஒன்றே ஒன்றுதான், எல்லாருக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும். அப்படிக் கிடைத்த பொய் இயந்திரம் ஒன்றுக்குள் எங்கள் கெர்னலை ஏற்றினோம்.

காலையில் ஆள் வருவதற்கு முன் ஏற்றினால் சமர்த்தாக எழுந்தது. கூட்டம் சேர்ந்தபின் ஏற்றினால் ‘டைமர் செத்துவிட்டது’. கூட வேலை செய்த ஒருவர், எண்ணுகிற எண்ணைப் பத்து மடங்காக்கிப் பார்த்தார். சில நாள் எழுந்தது, சில நாள் படுத்தது. எங்கள் பிரிவுத் தலைவர் கெர்னலையே சந்தேகப்பட ஆரம்பித்தார். அடுத்த வாரம் டெல்லியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது, அவர்கள் முன் ஓடாவிட்டால் வேலையை இழுத்து மூடிவிடுவார்கள் என்றார். மூடினால் நான் சம்பளப் பிரிவுக்குப் போக வேண்டும், காலம் முழுக்கப் பிடித்தத்தையும் பஞ்சப்படியையும் நிரலாக எழுத வேண்டும். அந்தப் பிரிவின் அதிகாரி எனக்கு மேஜைகூடப் பார்த்து வைத்துவிட்டார். வேறு எந்த வேலையிலும் நான் இப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆரணிக்குப் போனேன். அக்காவுக்குப் பிரசவ மாதம் நெருங்கியிருந்தது, பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறி. முன்கட்டுத் தறியில் ஒரு கடை நெய்யக் கொடுத்த பாவு நூல், பின்கட்டுத் தறியில் வேறொரு கடையின் பாவு. வழக்கமாக ஆளுக்கு ஒன்றில் உட்காருவார்கள். இப்போது அக்காவால் தறிக்குழியில் இறங்க முடியாது. மாமாவே இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று இரண்டையும் நெய்துகொண்டிருந்தார். இரண்டு கடைக்கும் சேலை சொன்ன நாளில் போய்க்கொண்டுதான் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் முன்கட்டுத் தறிக்குப் பாவு கொடுத்த கடையின் ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்கு ஒரு பழக்கம், ஊருக்கே தெரியும். சொல்லாமல் வருவார், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார், அதை மென்று முடிப்பதற்குள் துணி ஒரு விரல்கடையாவது வளர்ந்திருக்க வேண்டும். வளராவிட்டால் அந்தத் தறி நின்ற தறி. எப்போதோ ஒரு வீட்டில் பாவை வாங்கி ஏற்றிவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூருக்கு ஓடிவிட்டார்களாம், அதிலிருந்து இந்தச் சோதனை.

அன்றைக்கு மாமா பின்கட்டில் இருந்தார். தறிச்சத்தம் நன்றாகவே கேட்டது. இந்த மனிதர் முன்கட்டில் காலியான தறியைப் பார்த்தபடி நிதானமாக மென்றார், எழுந்துபோய்த் துப்பினார், பாவை அறுத்து வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். மாமா ஓடிவந்து கையைப் பிசைந்தார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“நீங்க வெத்தல மென்னு முடிக்கிற வரைக்கும் இந்தத் தறி நின்னுகினுதான் இருந்துது, நான் இல்லன்னு சொல்லலீங்க,” என்றேன். “ஆனா அது உங்க வாய் வெச்ச கணக்கு. அந்த நேரத்துல அவுரு உள்ள நெய்ஞ்சிகினு இருந்தாரு. ஜல்தியா மென்னா தறி நின்னுடுச்சு, மெதுவா மென்னா ஓடுதுன்னா அது இன்னா கணக்குங்க? ஆள் ஓடிட்டாரான்னு பாக்கத்தான நீங்க வந்தது? ஆள்தான் வூட்டுலயே கீறாரே. அப்புறம் எதுக்கு இந்தச் சோதன…”

அத்தோடு என் வாய் அடைத்துப்போனது. நான் யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே புரிந்துவிட்டது. என் கெர்னல் எண்ணுகிற எண்ணும் இப்படித்தான். அது தன் பாட்டுக்கு எண்ணி முடித்துவிடுகிறது. தட்டுகளைக் கொடுக்க வேண்டிய மேற்பார்வை நிரலோ அந்நேரம் வேறு யாரையோ கவனித்துக்கொண்டிருக்கிறது. எண்ணைப் பத்து மடங்காக்கினால் வெற்றிலையை இன்னும் மெதுவாக மெல்கிறோம், அவ்வளவுதான். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. விட்டுப்போன கம்பியைப் பிடிக்கத்தான் அந்தச் சோதனை. பொய் இயந்திரத்துக்குள் கம்பியே கிடையாது, டைமரும் நிரல்தான். தட்டு தாமதமாக வரும், ஆனால் கட்டாயம் வரும்.

கடை ஆள் நான் பேசி முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, போன தடவை தான் கட்டிவிட்டுப் போன அடையாள நூலிலிருந்து துணியை முழம் போட்டார். வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. பேஜார் பண்ணாதீங்கம்மா என்று என்னிடம் முனகிவிட்டு, பாவை விட்டுவிட்டுப் போனார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சாப்பிடாமல் போகிறேன் என்று மாமா பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார்.

மெட்ராஸில் செய்த மாற்றம் சில வரிதான். இயந்திரத்திடம் அதன் அடையாள எண்ணைக் கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. பொய் இயந்திரமாக இருந்தால் அந்த எண்ணின் தொடக்கத்தில் ஒரு தனிக் குறி வரும். கெர்னல் எழுந்ததும் முதலில் அதைக் கேட்கும். குறி இருந்தால் சோதனையைத் தாண்டிப் போய்விடும், இல்லாவிட்டால் பழையபடி சோதிக்கும்.

குழு வந்த அன்று, ஆள் வருவதற்கு முன் விடியற்காலையிலேயே ஓட்டிக் காட்டிவிடலாம் என்றார் எங்கள் தலைவர். நான் முடியாது என்றேன். நிலையமே உள்ளே நுழைந்து இயந்திரத்தைப் பிய்த்து எடுக்கும் முற்பகலில்தான் காட்டுவேன் என்று அடம் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சம்பளப் பிரிவுக்குப் பாதி போய்விட்டேன்.

ஏற்றினேன். திரையில் வரிகள் ஓடின. வழக்கமாகச் சாகும் இடம் வந்தது. கெர்னல் அந்த இடத்தைத் தாண்டி, எழுந்து, கட்டளைக்குக் காத்துக்கொண்டு நின்றது.

குழுவில் மூத்தவர் சும்மா விடவில்லை. ஜுரம் இருக்கிறது என்று தெர்மாமீட்டரை ஒளித்துவைத்தால் ஜுரம் போய்விடுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நிஜ இயந்திரத்தில் சோதனை அப்படியே இருக்கிறது, கம்பி இல்லாத இடத்தில் கம்பியைத் தேடுவதைத்தான் நிறுத்தினேன் என்றேன். தட்டுகளின் எண்ணிக்கையைத் திரையில் கொண்டுவந்தேன். கொஞ்சம் நிற்கும், பிறகு தடதடவென்று ஏறும். அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். கெர்னல் பின்தங்கியது, ஆனால் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பிடித்துவிட்டது. கடைசியில் அவருக்கே ஆசை வந்துவிட்டது. இன்னும் இரண்டு பொய் இயந்திரம் கேட்டு வாங்கி, அவற்றிலும் எங்கள் கெர்னலை ஏற்றச் சொன்னார். ஒன்று தடுமாறினாலும் போச்சு என்று எங்கள் தலைவர் முகம் வெளுத்தது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. எனக்கு எழுந்து ஆடலாம்போல இருந்தது.

வேலை தொடரட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டுத்தான் போனார்கள். தலைவர் அவர்களை வழியனுப்பப் போனார். அந்த அறையின் குளிரில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன், சிரிக்கவும் செய்தேன். அப்போது கதவைத் திறந்து சம்பளப் பிரிவு அதிகாரி எட்டிப் பார்த்தார். என் கண்ணீரைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, வருத்தப்படாதீங்கம்மா, திங்கட்கிழமையே வந்து சேர்ந்துடுங்க என்றார்.

“வேற ஆளப் பாத்துக்கோங்க சார்,” என்றேன். “எனக்கு இங்க வேலை கீது.”