மூன்று திரையிலும் வளைந்த கோடு

என் வீட்டுக்காரர் கோபிசங்கர் கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கக்கூட இவ்வளவு மினக்கெட்டவரில்லை. அந்தக் கண்டறியாத விளையாட்டில் திரைக்கு நடுவே நிற்கிற ஒரு சின்ன அடையாளம், அதற்கு நிறம் தெரிவு செய்யத்தான் மனுசன் அரை மணித்தியாலம் எடுப்பார். முதலில் பச்சை என்பார். பிறகு புல்லுக்குள் பச்சை தெரியவில்லை என்று நீலத்துக்குப் போவார். கோடு மெல்லிசா மொத்தமா, நடுவில் புள்ளி வேண்டுமா வேண்டாமா, எல்லாம் அவரவர் விருப்பத்துக்கு மாற்றலாமாம். துவக்கு எங்கே சுடும் என்று காட்டுகிற குறி அது. குரொஸ்ஹெயார் என்று பெயர். நான் சக அடையாளம் என்றுதான் சொல்வேன், பள்ளிக்கூடத்தில் கணக்குக் கொப்பியில் கூட்டலுக்குப் போட்ட அதே அடையாளம்தானே.

"உன்ரை வாயிலை அந்தப் பேர் வராதோ?" என்று கேட்பார்.

"வரும். வராமல் விடுறன்" என்பேன்.

அவர் பண்டத்தரிப்பிலிருந்து டவுனுக்குப் பள்ளிக்கூட வான் ஓடுகிறவர். விடியப் பிள்ளைகளை ஏற்றி, மத்தியானம் திருப்பி இறக்க வேண்டும். எங்கள் மகள் சாருஜாவும் அதே வானில்தான் போய் வருவாள். இது பகல் வேலை. கிழமைக்கு இரண்டு மூன்று இரவு கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு ஹயர் வரும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற சனத்தை ஏற்றிக்கொண்டு இரவிரவாக ஓடி, விடிய வீட்டுக்கு வந்து முகம் கழுவி, நின்றபடி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அப்படியே பிள்ளைகளை ஏற்றப் போவார். வருகிற சனம் வானுக்குள் வடிவாய்க் குறட்டை விடும். ஓடுகிறவருக்கு நித்திரை ஏது? கேட்டால், "மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தனான்" என்பார். கோழி கூட அதைவிடக் கூட நேரம் தூங்கும்.

பின்னேரம் ஒரு மணித்தியாலம் விளையாட்டு. அவர் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருப்பார், நான் பக்கத்தில் நிலத்தில் சாக்கை விரித்து வெங்காயத்தின் காய்ந்த தாளை நறுக்குவேன். வாயால் ஏசுவேனே தவிர மனதால் ஏசியதில்லை. ஒரு நாளில் அந்த ஒரு மணித்தியாலம்தான் அவர் யாருக்கும் ஓடாத நேரம். அதைப் பறிக்க எனக்கு என்ன கொழுப்பா?

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் முன்பு உதைபந்தும் கரப்பந்தும்தான். இப்போது இந்தச் சூட்டு விளையாட்டுக்கும் அணி வைத்திருக்கிறார்கள், கழகங்களுக்குள் போட்டியும் நடக்கிறது. ஐந்து பேரில் இவர் ஒருவர். அணித் தலைவன் பிரணவன், பக்கத்து ஒழுங்கைப் பெடியன், போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். அவனுக்குக் கல்யாணமும் இல்லை, நித்திரைக்குப் பஞ்சமும் இல்லை.

பங்குனி வெயில் தொடங்கிய நேரம்தான் இந்தக் கோட்டுக் கதையும் தொடங்கியது. ஒருநாள் இவர் சக அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிரணவனுக்குப் போன் எடுத்தார்.

"டேய், குறுக்குக் கோடு வளைஞ்சிருக்குதடா."

பிரணவன் வந்து பார்த்தான். "நேராய்த்தானே அண்ணை இருக்குது?"

"உனக்குக் கண் தெரியாதோ? இடப்பக்கம் கீழை சரியுது."

அவனும் பாவம், கோட்டை அழித்துப் புதிதாக வைத்தான், மொத்தமாக்கினான், சுற்றிவரக் கறுப்புக் கரை போட்டான். இவர் ஒன்றுக்கும் மசியவில்லை. மொனிற்றரில் பிழை என்றார். அவன் கடையிலிருந்து இன்னொரு மொனிற்றரைத் தூக்கி வந்து பூட்டினான். அதிலும் கோடு வளைந்ததாம்.

"ஆட மாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று நான் வெங்காயத்துக்குள் இருந்து சொன்னேன். பிரணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து கழகத்தில் இவருக்குக் கோணல் கோபி என்று பெயர். இவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் உசார் இல்லை.

பிறகு இன்னொரு பிடிவாதம் தொடங்கியது. சக அடையாளத்தின் நாலு கைகளுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதைக் கூட்டச் சொன்னார். பிரணவன் கூட்டினான். இரண்டு கிழமையில், "இன்னும் கொஞ்சம் விலத்து" என்றார். கடைசியில் நாலு கோடும் நாலு ஊரில் நின்றன. "அண்ணை, இதுக்குள்ளாலை ஒரு மாட்டு வண்டில் போகுமே" என்று பிரணவன் சொன்னான்.

"நடு வெறுமையாய் இருக்கட்டும். சுத்திவர மட்டும் தெரிஞ்சால் காணும்" என்றார் இவர்.

அந்த நாட்களில்தான் வானின் இடப்பக்கக் கண்ணாடி எங்கள் படலைத் தூணில் இடித்து உடைந்தது. ஒன்பது வருசமாக நித்திரையிலும் வானைப் பின்னுக்கு எடுக்கிற படலை அது. "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று பகிடி விட்டுப் போனார். ஒருநாள் சாருஜா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, இண்டைக்கு அப்பா ஒரு சைக்கிள் ஐயாவை இடிக்கிற மாதிரி வானைக் கிட்டக் கொண்டுபோட்டார். அந்த ஐயா சரியான ஏச்சு" என்றாள். களைப்பு என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதானே காரணம், நான் வேறொன்றைத் தேடவில்லை.

கழகப் போட்டி சனசமூக நிலையத்தில் நடந்தது. ஆளுக்கொரு கொம்பியூட்டர், எல்லாம் வாடகைக்கு எடுத்தவை. இவர் தன் சக அடையாளத்தை அதில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். நானும் சாருஜாவும் பின்னால் வாங்கில் இருந்தோம். தொடங்கிச் சரியாக ஐந்து நிமிசம் ஆகியிருக்காது, இவர் கையை உயர்த்தி, "இதிலையும் வளைஞ்சிருக்கு" என்றார். முழு மண்டபமும் சிரித்தது. அன்று கழகம் தோற்றது இவரால்தான். எதிரி வாசலுக்கு நேரே வந்து நிற்கிறான், இவர் அவனைக் காணாமல் பக்கத்துச் சுவரைச் சுடுகிறார். சுட்ட சுவரில் மா அரிக்கலாம், அவ்வளவு ஓட்டை.

வீடு திரும்பும் வழியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெட்டியில் கோடு வளைந்தால் பெட்டியில் பிழை. இரண்டாவதிலும் வளைந்தால் அதுவும் போகட்டும். மூன்றாவது, எங்கிருந்தோ வாடகைக்கு வந்த பெட்டி, அதிலும் அதே கோடு அதே இடப்பக்கம் சரியுமா?

வந்ததும் கொம்பியூட்டரைப் போடச் சொன்னேன். சக அடையாளம் வந்தது. பின்னால் நின்று அவருடைய இடக்கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன்.

"இப்ப கோடு எப்பிடி?"

"நேர்."

கையை எடுத்து வலக்கண்ணை மூடினேன். "இப்ப?"

தலையை ஒருபக்கம் சரித்துச் சரித்துப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, கேக்கிறனெல்லே!"

"வளைஞ்சிருக்கு" என்றார். "நடுவிலை ஒரு ஊத்தை மாதிரி நிக்குது, கலா. நேரை பாக்கிறது எதுவும் அதுக்குள்ளை போயிடும்."

"எப்ப தொடக்கம்?"

"தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு ஹயர். முறிகண்டி தாண்டி வரேக்கை, முன்னுக்கு வாற லொறியின்ரை லைற் ஒண்டு காணாமல் போனது. மோட்டார் சைக்கிள் எண்டு நினைச்சிட்டன்."

ஐயோ, முருகா! அதற்குப் பிறகும் இந்த மனுசன் அந்த வானில் அத்தனை வீட்டுப் பிள்ளைகளையும், பெற்ற பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்திருக்கிறது. நடுவை விலத்து, விலத்து என்றது இதற்குத்தான். நான் அன்று கத்தின கத்தில் பக்கத்து வளவு நாய்கூடக் குரைப்பதை விட்டது.

"உமக்கு விசரோ? பிள்ளையள் இருந்த வான் அது! ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் ஓட விடுவியோ? ஓட்டம் ஒருக்கால் கை மாறினால் திரும்பி வராது. பேந்து என்னத்தைச் செய்யிறது? எனக்குத் தெரிஞ்சது உந்த ஸ்ரேரிங் ஒண்டுதான்." குரலில் கோபம்கூட இல்லை. "களைச்சுப் போனன், கலா. யோசிக்கவும் ஏலாமல் போச்சு."

நான் வான் திறப்பை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

கண் கிளினிக்கில் விடியக் காலமை போய் மத்தியானம் வரை இருந்தோம். இளவயது டொக்டர் பிள்ளை ஒரு தாளைக் காட்டினார். முழுக்கக் கட்டம் கட்டமாய்க் கோடுகள், நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். இவர் பார்த்துவிட்டு, "இது எங்கடை குரொஸ்ஹெயார் தானே" என்றார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இடக்கண்ணுக்குள் படம் விழுகிற திரைக்குக் கீழே நீர் கோத்திருக்கிறதாம். இவருக்குப் பலமான கண் அதுதானாம், அதனால் வலக்கண் திறந்திருந்தாலும் கோணல் தெரிந்ததாம். நித்திரை முழித்து, ஓயாமல் யோசித்து உடம்பை முறிக்கிறவர்களுக்கு வருவது என்றார். அனேகமாகத் தானாய் வற்றும், சிலருக்கு வற்றாது. மூன்று மாதத்துக்கு வான் ஓடக் கூடாது, நன்றாய் நித்திரை கொள்ள வேண்டும், யோசிக்கக் கூடாது. நித்திரை சரி, யோசிக்காமல் இருக்கிறதை எந்த மருந்துக்கடையில் விற்கிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. அந்தப் பிள்ளையின் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம். கேட்கவில்லை.

பள்ளிக்கூட ஓட்டத்தைப் பிரணவனின் மாமா பொன்னம்பலம் பொறுப்பெடுத்தார், அரசாங்க பஸ் ஓடி ஓய்ந்தவர். "தம்பிக்குச் சுகம் வந்தவுடனை திறப்பைத் தந்துபோட்டுப் போறன்" என்றார். நல்ல மனுசன். ஆனால் ஒவ்வொரு நாளும் விடிய எங்கள் வான் இன்னொருவர் கையால் படலையைத் தாண்டிப் போகும்போது இவர் முகத்தைப் பார்க்க என்னால் முடிவதில்லை. பொன்னம்பலம் தூணில் ஒருநாளும் இடிக்கவில்லை, அதுவும் இவருக்கு வலித்திருக்கும்.

முதல் ஒரு கிழமை அடித்துப் போட்டதுபோல் நித்திரை கொண்டார். பிறகு விறாந்தைக்கும் குசினிக்கும் நடந்தார். வீட்டில் பார்க்கச் சொல்லி டொக்டர் தந்த கட்டத் தாளை மகள் எங்கேயோ வைத்துவிட்டாள். "ஏன் உந்தத் தாள், கொம்பியூட்டரிலையே பாக்கலாம்" என்று இவர்தான் சொன்னார். அதனால் விளையாட்டு இல்லை, ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் சக அடையாளம் மட்டும் வரும். வெறும் சுவருக்கு முன்னால் அதை நிறுத்திவிட்டு, நல்ல கண்ணைக் கையால் மூடிப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் நேராகியிருக்கு" என்றார் ஒரு கிழமை. அடுத்த கிழமை, "அனேகமாய் நேர்." அதற்கடுத்த கிழமை, "நேர். பொன்னம்பலத்தாருக்குச் சொல்லுவம், என்ன?"

எனக்கு நம்ப ஆசை. கடவுளே, எவ்வளவு ஆசை! ஆனால் அன்று மத்தியானம் தேத்தண்ணிக் கோப்பையை மேசை விளிம்புக்கு வெளியே வைத்து உடைத்திருந்தார்.

பிரணவனின் கடைக்குப் போய், "தம்பி, அந்தச் சக அடையாளத்தை இல்லாமல் ஆக்க ஏலுமோ?" என்று கேட்டேன்.

"ஏலும் அக்கா. ஏன்?"

"சும்மா, காட்டித் தாரும்."

பின்னேரம் ஐந்து மணிக்கு, அவர் கிணற்றடியில் முகம் கழுவுகிற நேரம், நானே போய்ச் சக அடையாளத்தை அணைத்தேன். திரையில் வெறும் சாம்பல் சுவர். கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. அவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். வலக்கண்ணைக் கையால் மூடினார்.

"கோடு எப்பிடி இருக்குது?" என்று கேட்டேன்.

"நேர்" என்றார். "நல்ல வடிவாய் நேராய் இருக்குது. நாளைக்கே ஓடலாம்."

ஏசலாம் என்றுதான் அணைத்தேன், வாய் வரவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை எடுத்து, இரண்டு கண்ணாலும் திரையைப் பார்த்தார். அந்த வெறுஞ்சுவரைப் பார்த்தபடியே இருந்தார். காது சிவந்து போனது.

"எத்தினை நாளாய் இப்பிடி வைச்சனீ?"

"இண்டைக்குத்தான்."

தலையை ஆட்டினார். வெளியே பொன்னம்பலம், அன்று விளையாட்டுப் பயிற்சிக்கு நின்ற பிள்ளைகளை இறக்கிவிட்டு, வானைக் கொண்டுவந்து விடுகிற சத்தம் கேட்டது. வான் கதவை அடித்துச் சாத்தினார். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வற்றாட்டி என்ன செய்யிறது, கலா?" என்றார். "எனக்குப் பயமாய் இருக்குது."

"எனக்கும் பயம்தான். பொய் சொன்னால் வற்றுமோ?"

அவர் கொம்பியூட்டர் எலியைப் பிடித்துத் தானே சக அடையாளத்தைத் திரும்பப் போட்டார். நாலு கோடும் வந்து நின்றன. நான் கேட்காமலே வலக்கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"வளைஞ்சுதான் இருக்குது" என்றார். "முதல் நாள் மாதிரியே, இடப்பக்கம்."

"சரி" என்றேன். "போய்ப் படுங்கோ."

வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. போய்ப் படுத்தார். நான் யன்னலைச் சாத்திவிட்டு, பொன்னம்பலம் நீட்டிய திறப்பை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.